அமெரிக்காவின் இனப் பன்மையும் ஆட்சிமுறையும்: திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினாலோ, விசா விதி மாறினாலோ, ஒரு போலீஸ் துப்பாக்கிச் சூடு செய்தியானாலோ தமிழில் நிறையப் பேர் எழுதுகிறோம், காணொளி போடுகிறோம், மாணவர்கள் அதையே கட்டுரையாகவும் எழுதுகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் சில தவறுகள் விடாமல் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. அங்கே பல இன மக்கள் வாழ்கிறார்கள் என்பதை ஒரு பாடமாகவும், அங்கே ஜனாதிபதி ஆட்சிமுறை என்பதை வேறொரு பாடமாகவும் படித்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். அந்த நாட்டுக்குள் யார் வரலாம், யார் குடிமகன், யாருடைய ஓட்டு எங்கே எவ்வளவு செல்லும் என்பதையெல்லாம் சட்டம் போட்டுத்தான் தீர்மானித்தார்கள். அதை விட்டுவிட்டு இனத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பாதிக் கதைதான்.

ஐந்தில் மூன்று பங்கு விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1787-ல் பிலடெல்பியாவில் எழுதிய அரசியலமைப்புச் சட்டம் கறுப்பினத்தவரை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகக் கருதியது என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் நடந்த கொடுமை முழுசாகத் தெரியாமல் போகிறது. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எந்த மாகாணத்துக்கு எத்தனை இடம் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது. அடிமைகளை முழு ஆளாகக் கணக்கில் சேருங்கள் என்று கேட்டது தெற்கின் அடிமை உரிமையாளர்கள், சேர்க்கவே கூடாது என்றது வடக்கு. கடைசியில் ஐந்தில் மூன்று என்று பேரம் முடிந்தது. அதாவது ஓட்டே இல்லாத மனிதர்களின் தலையை எண்ணி, அவர்களை விலங்கு போட்டு வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் கணக்கும் இந்த இடங்களை வைத்துத்தான் என்பதால் வெள்ளை மாளிகை வரைக்கும் அது போனது. முதல் 12 ஜனாதிபதிகளில் ஆடம்ஸ் அப்பாவும் மகனும் தவிர மற்ற பத்துப் பேரும் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்கள்.

சரி, 1865-ல் 13-ஆம் திருத்தம் வந்து அடிமைமுறை ஒழிந்ததே என்று அங்கேயே நிறுத்திவிடுவது அடுத்த தவறு. 14-ஆம் திருத்தம் 1868-ல் குடியுரிமை தந்தது, 15-ஆம் திருத்தம் 1870-ல் இனத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்றது, அதே 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் மேலவையான செனட்டுக்கே போனார். அப்புறம் நடந்ததுதான் நம் கட்டுரைகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. 1890-ல் மிசிசிப்பி தனக்கென்று புதிய மாகாண அரசியலமைப்பை எழுதிக்கொண்டு, தலைவரி கட்டினால்தான் ஓட்டு, சட்டப் பிரிவை வாசித்தோ விளக்கியோ காட்டினால்தான் ஓட்டு என்று விதி வைத்தது. இனம் என்ற சொல்லே அதில் தேவைப்படவில்லை. மற்ற தெற்கு மாகாணங்களும் பின்னாலேயே வந்தன. இப்போது கணக்கைப் பாருங்கள்: அடிமைமுறை இருந்தபோது ஐந்தில் மூன்றாக எண்ணப்பட்டவர்கள் விடுதலைக்குப் பிறகு முழு ஆளாக எண்ணப்பட்டார்கள், ஓட்டு மட்டும் பறிபோனது, ஆக அவர்களை ஒடுக்கியவர்களின் பலம் முன்பைவிடக் கூடியது. ஓட்டை மறுக்கும் மாகாணத்துக்கு இடங்களைக் குறைக்கலாம் என்று 14-ஆம் திருத்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது, அதை ஒருமுறைகூடச் செயல்படுத்தவில்லை. 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு மிசிசிப்பியில் ஓட்டுரிமை வயதுள்ள கறுப்பினத்தவரில் பதிவு பெற்றவர்கள் 6.7 சதவீதம், இரண்டே வருடத்தில் அது 60 சதவீதத்தைத் தொட்டது. மக்களுக்கு அக்கறை இல்லை, படிப்பு இல்லை என்று அத்தனை காலம் சொன்னதெல்லாம் பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குடியேறியவர்களின் நாடு, எல்லோரையும் வரவேற்ற நாடு என்று எழுதுவதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1860 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். அவர்களோ அவர்களுடைய முன்னோர்களோ குடியேறவில்லை, கொண்டுவரப்பட்டார்கள். பூர்வகுடிகள் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள். மற்றவர்கள் விஷயத்திலும், வெளிநாட்டவர் குடியுரிமை பெற வேண்டுமானால் சுதந்திரமான வெள்ளையராக இருக்க வேண்டும் என்று 1790-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். 1882-ல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவு மூடியது. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார், சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் நீங்கள் வெள்ளையர் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதைக் காட்டி, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946-ல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி மறுபடி திறந்தது, அப்போதும் வருடத்துக்கு 100 பேர்தான் வரலாம். அந்த வழியில் குடியுரிமை பெற்ற தலிப் சிங் சவுந்த் 1956-ல் கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார், ஆசிய வம்சாவளியில் அவர்தான் முதல் ஆள்.

பிறந்த நாட்டை வைத்து ஆட்களை வடிகட்டிய அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது 1965-ன் குடியேற்றச் சட்டம். வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய அதே நாடாளுமன்றம், சில வாரங்கள் கழித்து, இதையும் நிறைவேற்றியது. தெருவில் இறங்கி அடிவாங்கிய கறுப்பின மக்களின் போராட்டம்தான், இன அடிப்படையில் ஆளைப் பிரிப்பது அசிங்கம் என்ற நிலையை அந்த அவையில் உண்டாக்கியது. அந்தச் சட்டம் இல்லையென்றால் நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இல்லை. படிப்பாலும் உழைப்பாலும் வந்தோம் என்று சொல்வது சரிதான், ஆனால் 1920-களிலும் படித்த இந்தியர்கள் இருந்தார்களே, அவர்களால் ஏன் முடியவில்லை? கறுப்பினத்தவரைப் பற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இளக்காரமாக வரும் செய்திகளைப் பார்க்கும்போது, இந்த ஒரு வரலாறு தெரிந்திருந்தால் அந்தக் கை பகிராமல் நின்றிருக்குமே என்று தோன்றும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இன வகைகளைப் பிறவியிலேயே நிலைத்த கூட்டங்களாக நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 1970-ல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள், 1980-ல் தனி வகை வந்தது. ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி என்பது, 2020 கணக்கெடுப்பு வரை அங்கே இனமாகவே எண்ணப்படவில்லை, ஹிஸ்பானிக் ஒருவர் வெள்ளையராகவும் இருக்கலாம் கறுப்பினத்தவராகவும் இருக்கலாம், அதனால் அந்தக் கணக்கில் எல்லா வகைகளின் சதவீதத்தையும் கூட்டினால் நூறைத் தாண்டும். எகிப்து, லெபனான்காரர்கள் இத்தனை காலம் வெள்ளையர் பட்டியலில்தான் இருந்தார்கள், இந்த விதிகளை 2024-ல் மாற்றி எழுதியிருக்கிறார்கள். 2020-ல் பத்துப் பேரில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறித்தார்கள், அந்த உயர்வில் ஒரு பகுதி கேள்வியும் பதிவு முறையும் மாறியதால் வந்தது. கமலா ஹாரிஸ் கறுப்பினத்தவரா இந்தியரா என்று இங்கே நடந்த பட்டிமன்றம் தேவையே இல்லாதது. தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம், தந்தை ஜமைக்காக்காரர், அவர் இரண்டும்தான்.

இடஒதுக்கீடு. அங்கேயும் நம்மைப்போல் இருக்கிறது என்று ஆதரிப்பவர்களும் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்களும் சொல்கிறார்கள், இரண்டும் தவறு. கல்லூரிச் சேர்க்கையில் இத்தனை இடம் இந்த இனத்துக்கு என்று ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே தடுத்துவிட்டது, இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகப் பார்க்கலாம் என்பது மட்டும் மிஞ்சியது, 2023-ல் ஹார்வர்டு வழக்கில் அதுவும் போனது. நம் தனித்தொகுதி போல எதுவும் அங்கே இல்லை. பதிலாக எல்லைக்கோட்டைச் சுற்றித்தான் சண்டை. பெரும்பாலான மாகாணங்களில் தொகுதி எல்லையை வரைவது மாகாண சட்டமன்றம், அதாவது அங்கே ஆளும் கட்சி. அலபாமாவில் நான்கில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர், ஆனால் ஏழு தொகுதிகளில் ஒன்றில் மட்டும் அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி கோடு போட்டிருந்தார்கள். வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் 2023-ல் உச்ச நீதிமன்றம் அது சரியில்லை என்றது, கோடு மாறியது, 2024-ல் மாறிய தொகுதியிலும் கறுப்பினப் பிரதிநிதி ஒருவர் வென்றார். மக்கள் யாரும் வீடு மாறவில்லை.

பூர்வகுடிகளை இன்னொரு சிறுபான்மை இனம் என்று ஒரு வரியில் முடிப்பதையும் தவிர்க்க வேண்டும். கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் 570-க்கு மேல், அவற்றில் பலவற்றோடு அமெரிக்கா ஒப்பந்தங்கள் போட்டிருக்கிறது. நவஹோ தேசத்துக்கு சொந்த ஜனாதிபதி, மன்றம், நீதிமன்றங்கள் உண்டு, அதன் நிலப்பரப்பு மேற்கு வர்ஜீனியா மாகாணத்தைவிடப் பெரியது. அதே சமயம் 1924-ல் குடியுரிமை கிடைத்த பிறகும் அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1948 வரை அவர்களுக்கு ஓட்டு தரவில்லை.

எல்லாவற்றையும் ஜனாதிபதி தலையில் கட்டுவது நமக்கு ரொம்ப எளிதாக வருகிறது, மத்திய அரசு மாநில ஆட்சியைக் கலைத்த வரலாறு உள்ள ஊரிலிருந்து பார்க்கிறோம். அங்கே கவர்னர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், ஜனாதிபதியால் அவரை நீக்க முடியாது. போலீஸ் என்பது ஒரே துறை கிடையாது, நாடு முழுவதும் 18,000 அளவில் தனித்தனிப் படைகள், பெரும்பாலும் நகரத்துக்கோ கவுண்டிக்கோ (நம் மாவட்டம் போன்றது) கட்டுப்பட்டவை. 2014-ல் மிசௌரியின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஒபாமாதான் ஜனாதிபதி. கறுப்பின ஜனாதிபதி இருந்தும் இப்படியா என்று அப்போது எழுதினார்கள். ஃபெர்குசனை ஆண்டது ஃபெர்குசன். ஊரில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர், மேயர் வெள்ளையர், ஆறு பேர் கவுன்சிலில் கறுப்பினத்தவர் ஒருவர்தான், போலீஸ் படை ஏறக்குறைய முழுக்க வெள்ளையர். நகரத் தேர்தல் ஏப்ரலில் நடக்கும், ஜனாதிபதி தேர்தலோடு சேராது, அதனால் கூட்டமே வராது. நகராட்சி தன் வருமானத்துக்கு அபராதங்களை நம்பியிருந்ததையும், அந்தச் சுமை கறுப்பினத்தவர் மேல் விழுந்ததையும் 2015-ல் கூட்டாட்சி நீதித்துறை அறிக்கையாகவே வெளியிட்டது. அடுத்த மாதமே நடந்த நகரத் தேர்தலில் வாக்குப்பதிவு முந்தைய தேர்தலைவிட இரு மடங்குக்கும் மேல் போனது, கவுன்சிலில் கறுப்பின உறுப்பினர்கள் மூன்று பேர் ஆனார்கள்.

செனட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 கணக்கில் கலிபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் 5.77 லட்சம் பேர், இரண்டுக்கும் இரண்டிரண்டு செனட்டர்கள். அதனால், ‘நாட்டில் வெள்ளையர் பங்கு குறைகிறது, ஆட்சி தானாக மாறிவிடும்’ என்று சொல்லும் கணிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைநகர் வாஷிங்டனில் வயோமிங்கைவிட அதிக மக்கள், பத்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர், மாகாணமாக இல்லாததால் செனட்டர் ஒருவரும் இல்லை. அமெரிக்காவின் கீழுள்ள, மாகாணமாகாத தீவான போர்ட்டோ ரிக்கோவில் 30 லட்சத்துக்கு மேல் மக்கள், 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், அங்கே இருக்கும்வரை ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு கிடையாது, புளோரிடாவுக்கு வீடு மாற்றினால் உண்டு.

ஓர் இனம் முழுக்க ஒரே கட்சிக்குத்தான் போடும் என்ற ஓட்டு வங்கிக் கணக்கும் அங்கே சரிப்படாது. டெக்சாஸின் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் கிட்டத்தட்ட எல்லோருமே ஹிஸ்பானிக். 1892-க்குப் பிறகு குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் யாரும் வெல்லாத இடம் அது. 2024-ல் டிரம்ப் அங்கே வென்றார், குடியேற்றத்துக்கு எதிராக அத்தனை பேசியும். எல்லையோரம் தலைமுறைகளாக வாழும் மெக்சிக வம்சாவளிக்காரரும், மியாமியின் கியூபாக்காரரும், நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோக்காரரும் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கு எல்லைக் காவல் என்பது சொந்த ஊரில் கிடைக்கும் வேலை, இன்னொருவருக்கு கியூபாவின் கம்யூனிச அரசு மேல் தீராத கோபம், மூன்றாமவருக்கு விசாப் பிரச்சினையே கிடையாது.