மேடனில் டிஃபென்ஸ் பிளேபுக் தேர்ந்தெடுப்பது எப்படி? நிக்கல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமான மேடன் என்எஃப்எல் ஆடத் தொடங்கும் பலரும் ஆஃபென்ஸ் (தாக்குதல்) பிளேபுக்கை, அதாவது பிளே எனப்படும் ஆட்டத் திட்டங்களின் தொகுப்பை, மணிக்கணக்கில் புரட்டுவார்கள். டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) என்று வந்தால் மட்டும் அணியோடு வந்த பிளேபுக்கையே வைத்துக்கொண்டு, திரையில் கோச் பரிந்துரைக்கும் பிளேயை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டரோடு ஆடும்வரை இது ஓடும். ஆன்லைனில் கொஞ்சம் விவரமான ஒருவரிடம் மாட்டினால், ஒரே பாஸை நாலு தடவை எறிந்தே டச்டவுன் அடித்துவிடுவார்.

பிளேபுக்கின் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், பிடித்த அணியுடையது என்பதற்காகவும் எடுக்காதீர்கள். அதன் நிக்கல் (பின்வரிசையில் ஐந்து பேர் நிற்கும் அமைப்பு) பக்கங்களைத் திறந்து பார்த்து எடுங்கள். ஏன், எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

களத்தில் 11 பேர். ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு) பெயரில் முதல் எண் முன்வரிசை லைன்மேன்கள், அடுத்தது அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள். 3-4 என்றால் மூன்று லைன்மேன், நான்கு லைன்பேக்கர். மிச்சமிருக்கும் நால்வர் பின்வரிசை: ஓரங்களில் நிற்கும் இரண்டு கார்னர், ஆழத்தில் நிற்கும் இரண்டு சேஃப்டி. 4-3 இதற்கு நேர்மாறு. மூன்று எண் இருந்தால் மூன்றாவது எண் பின்வரிசை: நிக்கல் 3-3-5, நிக்கல் 2-4-5 என்று வரும். நிக்கலில் பின்வரிசையில் ஐந்து பேர், டைமில் ஆறு பேர், குவார்ட்டரில் ஏழு பேர். பிக் நிக்கல் என்று பார்த்தால், அந்த ஐந்தாவது ஆள் கார்னருக்குப் பதில் இன்னொரு சேஃப்டி.

இதில் 46 மட்டும் கணக்கில் சேராது. சிகாகோ பேர்ஸ் 1985 சீசனில் ஆடி, 1986 ஜனவரியில் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை 46-10 என்று வென்ற டிஃபென்ஸ் அது. முன்னால் எட்டுப் பேரைக் குவித்து நெருக்கும். பெயரின் கவர்ச்சியில் புதியவர்கள் பலர் இந்த பிளேபுக்கை எடுத்துவிடுவார்கள். மூன்று, நான்கு ரிசீவர்களை (பாஸ் பிடிப்பவர்களை) விரித்து நிறுத்தும் எதிராளியிடம் அதன் அடிப்படை ஃபார்மேஷன் ரொம்பத் திணறும். கொஞ்ச நாள் கழித்து ஆசைக்கு ஆடிப் பாருங்கள்.

படி 2: எதிராளி யாரை இறக்குகிறார் என்று பாருங்கள்

நீங்கள் பிளே தேர்ந்தெடுக்கும் திரையிலேயே எதிரணி எத்தனை ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்), எத்தனை டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று மறிக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்), எத்தனை ரிசீவரை இறக்கியிருக்கிறது என்று காட்டும். அதைப் பார்க்காமல் ஒரு பிளேயும் எடுக்காதீர்கள். சில ஆட்டங்கள் கவனித்தாலே தெரிந்துவிடும்: ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மூன்று ரிசீவர் என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது ரிசீவரைத் துரத்த லைன்பேக்கரை அனுப்பினால் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். அதனால் ஐந்தாவது பின்வரிசை ஆள் வேண்டும், அதாவது நிக்கல். நிஜ என்எஃப்எல் அணிகளே இன்று பாதிக்கு மேற்பட்ட பிளேக்களில் ஐந்து பேரையோ அதற்கு மேலுமோ பின்வரிசையில் நிறுத்துகின்றன.

ஆகவே, 3-4 நல்லதா, 4-3 நல்லதா என்ற விவாதத்தில் நேரத்தை விடாதீர்கள். அந்தப் பக்கங்களை ஆட்டத்தில் நீங்கள் திறப்பதே குறைவாகத்தான் இருக்கும்.

படி 3: ஒரே நிக்கல் ஃபார்மேஷனில் ஐந்து பிளே தேடுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பிளேபுக்கின் நிக்கல் ஃபார்மேஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கவர் 3, கவர் 2, கவர் 4, ஒரு கவர் 1 மேன் (இவை பாஸைத் தடுக்கும் கவரேஜ் முறைகள்), ஒரு பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களைப் பாஸ் எறிபவரை நோக்கி அனுப்புவது) ஆகிய ஐந்தும் ஒரே ஃபார்மேஷனுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஃபார்மேஷனில் சிதறிக் கிடந்தால், நீங்கள் நிற்கும் விதத்தைப் பார்த்தே எதிராளி வரப்போவதைச் சொல்லிவிடுவார். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தால், பந்து கிளம்பும்வரை அவருக்கு உறுதியாகத் தெரியாது.

ஐந்தும் எதற்கு? ஒவ்வொரு கவரேஜிலும் ஓர் ஓட்டை உண்டு, அதனால்தான்.

கவர் 3-இல் ஆழத்தில் மூவர், கீழே நால்வர், பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கி நால்வர். ரன்னுக்கும் ஓரளவு தாங்கும், அதனால் புதியவர்களுக்கு இதுதான் முதல் பாடம். ஆழத்தில் நிற்கும் மூவருக்கும் இடையில் உள்ள இரண்டு சந்துகள் வழியாக நேராக ஓடும் ரிசீவர்தான் ஆபத்து. இதிலேயே ஸ்கை, பஸ், கிளவுட் என்று வகைகள் இருக்கும். ஸ்கையை எடுத்துக்கொண்டு மற்றதை அப்புறம் பாருங்கள்.

கவர் 2-இல் ஆழத்தில் இரண்டு சேஃப்டி மட்டும், கீழே ஐந்து பேர். குட்டி பாஸ்களை நெரித்துவிடும். இரண்டு சேஃப்டிகளுக்கு நடுவிலும், பக்கக்கோட்டை ஒட்டி கார்னருக்குப் பின்னாலும் திறந்து கிடக்கும். டாம்பா 2 என்ற பெயரில் இருந்தால், நடு லைன்பேக்கர் பின்னால் ஓடி அந்த நடு ஓட்டையை மூடுவார்.

கவர் 4-இல் ஆழத்தில் நால்வர். நீள பாஸை நம்பி ஆடுபவருக்கு இதுதான் மருந்து. பக்கவாட்டில் போகும் குட்டி பாஸ் கிடைத்துக்கொண்டே இருக்கும். பொறுமை இல்லாத எதிராளி அதை எடுக்க மாட்டார் என்பதே நம் நம்பிக்கை.

கவர் 1-இல் ஆளுக்கு ஆள், பின்னால் ஒரே சேஃப்டி. குறுக்கே ஓடும் ரூட்டுக்கும், காலை நம்பி ஓடும் குவார்ட்டர்பேக்குக்கும் சிரமப்படும். பிளிட்ஸைப் பொறுத்தவரை, ஒன்று போதும். அதைக்கூட அடிக்கடி தொடாதீர்கள்.

ஐந்து பிளே போதுமா என்று சந்தேகம் வரலாம். 2014 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் சியாட்டில் சீஹாக்ஸ் டென்வரை 43-8 என்று நொறுக்கியது. அந்த அணியின் டிஃபென்ஸுக்கு அஸ்திவாரமே கவர் 3தான். எதிராளிகள் எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம்.

படி 4: ரன்னுக்கு ஓர் இடம் இருக்கிறதா?

எதிராளி இரண்டு டைட் எண்டை இறக்கினால் நிக்கலை விட்டுவிட்டு 3-4 அல்லது 4-3 பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஒரு கவர் 3, ஒரு கவர் 1 இருந்தால் வேலை நடக்கும். 2-4-5-ஐ முதன்மை ஃபார்மேஷனாக எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே இரண்டே கனத்த லைன்மேன்கள் என்பதால் நடுவில் முட்டும் ரன் எளிதாக ஐந்து யார்டு பிய்த்துக்கொண்டு போகும். புதியவர்களுக்கு 3-3-5 கொஞ்சம் நிம்மதி.

படி 5: உங்கள் அணி வீரர்களோடு பொருத்திப் பாருங்கள்

குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதில் கெட்டிக்காரர்கள் வெளி லைன்பேக்கர்களாக இருந்தால் 3-4 குடும்பம், ஓரத்து லைன்மேன்களாக இருந்தால் 4-3 குடும்பம். மூன்று நல்ல சேஃப்டி இருந்தால் பிக் நிக்கல் உள்ள பிளேபுக். மூன்றாவது கார்னர் சுமார் என்றால் மேன் (ஆளுக்கு ஆள்) பிளேக்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பிராக்டிஸில் ஒரு பிளேயை மனப்பாடமாக்குங்கள்

மூன்றாவது டவுன் (முயற்சி), 7 யார்டு வேண்டும், எதிராளி ஒரே பக்கத்தில் மூன்று ரிசீவர்களை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிக்கலில் கவர் 3 எடுங்கள். நடு லைன்பேக்கரை உங்கள் கட்டுப்பாட்டில் வையுங்கள். லைன்மேனை எடுத்துக்கொண்டு பட்டனைத் தட்டும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

பந்து கிளம்பியதும் முன்னால் பாயக் கூடாது. மூவரில் உள்ளே நிற்பவரைப் பாருங்கள். அவர் நேராக மேலே ஓடினால், சொன்னேனே அந்தச் சந்து, அதை நோக்கித்தான் போகிறார். நீங்கள் அவருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவில் பின்வாங்கிக்கொண்டே இருங்கள். அவர் குறுக்கே வெட்டினால் துரத்திக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வார், நீங்கள் நடுவிலேயே நின்று அவருக்குப் பின்னால் வேறு யார் வருகிறார் என்று பாருங்கள். ரன்னிங் பேக் ஓரமாக நழுவினால் விட்டுவிடுங்கள். அவர் மூன்று, நான்கு யார்டில் பிடித்தாலும் மற்றவர்கள் வந்து மடக்கிவிடுவார்கள், ஏழு வராது. இதையே இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பழகுங்கள்.

படி 7: கஸ்டம் பிளேபுக், ஹர்ரி அப்

நான்கு நல்ல பிளே ஒரு பிளேபுக்கிலும் ஐந்தாவது இன்னொன்றிலும் இருந்தால், கஸ்டம் பிளேபுக் உருவாக்கி ஒன்றாக்கிக்கொள்ளலாம். ஆனால் முதல் வாரமே அதில் இறங்கினால் ஃபார்மேஷன்களைச் சேர்த்துக்கொண்டே போய் முந்நூறு பிளே குவிந்துவிடும். எது எங்கே என்று தேடுவதற்குள் பிளே கிளாக் (அடுத்த பிளேக்கான நேரம்) ஓடிவிடும்.

எதிராளி ஹர்ரி அப் (இடைவெளி விடாமல் அடுத்த பிளேக்கு விரைவது) போட்டால் உங்களால் ஆள் மாற்ற முடியாது. களத்தில் இருக்கும் பதினொரு பேர்தான். ஒரே ஃபார்மேஷனில் ஐந்து பிளே வைத்திருப்பவருக்கு இங்கே பதற்றமில்லை, ஆடிபிள் (பந்து கிளம்பும் முன் பிளேயை மாற்றுவது) அடித்துக் கவர் 3-இலிருந்து கவர் 4-க்கு மாறிக்கொள்ளலாம். ஆடிபிள் பட்டனை அழுத்தினால் எந்தெந்த பிளே வருகிறது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பிராக்டிஸில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் கவரேஜ் அந்தப் பட்டியலில் இல்லாமலும் போகலாம்.