மயிலாப்பூரில் வழி கண்டுபிடிக்க: குளம், லஸ், கடல்

"ஆர்.கே. ரோடு போகணும்" என்று மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறிவிடாதீர்கள். அப்படி எழுதக்கூடிய ரோடு மயிலாப்பூரில் இரண்டு இருக்கிறது. ஒன்று ராமகிருஷ்ண மடம் சாலை, ஊர்வாயில் ஆர்.கே. மட் ரோடு, கபாலி கோயில் குளத்தை ஒட்டி தெற்கு வடக்காகப் போவது. இன்னொன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை, அதாவது ஆர்.கே. சாலை, மெரினாவில் காந்தி சிலைப் பக்கம் ஆரம்பித்து மேற்கே போவது. குளத்திலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கொடுமை என்னவென்றால் இரண்டு முகவரியிலும் பின்கோடு 600004 என்றுதான் இருக்கும். நான் முதன்முதலில் திருச்சியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வந்தபோது இதில்தான் மாட்டிக்கொண்டேன். மட் ரோட்டில் அரை மணி நேரம் கட்டடத்தைத் தேடிவிட்டு, கடைசியில் ஒரு பூக்காரம்மா சீட்டை வாங்கிப் பார்த்து "இது பீச்சுக்குப் போற ரோடு கண்ணு, இங்க இல்ல" என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

அதற்கப்புறம் இந்தப் பேட்டையிலேயே குடியிருந்து, வருகிற உறவுக்காரர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் போனில் வழி சொல்லிச் சொல்லிப் பழகிப்போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் வேலை, மூன்று விஷயங்களை மனதில் நட்டுக்கொள்ளுங்கள்: கடல், குளம், லஸ். தெருப் பெயர் எதுவுமே தெரியாவிட்டாலும் இந்த மூன்றுக்கும் நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும், நடந்துவிடலாம்.

கடல் எப்போதும் கிழக்கு. கோடையில் மதியத்துக்கு மேல் காற்று எந்தப் பக்கமிருந்து குளிர்ச்சியாக வருகிறதோ, பெரும்பாலும் அதுதான் கிழக்கு.

குளம் என்று இங்கே யார் சொன்னாலும் அது கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளம்தான். குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது, ஏழு நிலை ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது. இந்த ஒரு விஷயம் பதிந்துவிட்டால் பாதி மயிலாப்பூர் கைக்குள் வந்த மாதிரி. பெரிய கோபுரம் கண்ணுக்கு நேரே, பக்கத்தில் நிமிர்ந்து நின்றால் நீங்கள் சந்நிதித் தெருப் பக்கம், கிழக்கில் இருக்கிறீர்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோயில் தெரிந்தால் மேற்கில், மட் ரோட்டில் இருக்கிறீர்கள். பலரும் ராஜகோபுரம் இருக்கும் பக்கம்தான் சுவாமி பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்க் குழம்புவார்கள். கபாலீஸ்வரர் மேற்கே குளத்தைப் பார்த்து இருக்கிறார், கற்பகாம்பாள் தெற்கே பார்த்து இருக்கிறாள். கோயிலுக்குள் போய்விட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்து செருப்பைத் தேடுகிற கூட்டத்தை நான் தினமும் பார்க்கிறேன், அதனால் எந்த வாசலில் விட்டோம் என்பதையும் கிழக்கு, மேற்கு என்றே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லஸ் என்றால் லஸ் கார்னர். இங்கிருந்து நாலு பக்கமும் நாலு ரோடு பிரிகிறது. தெற்கே போனால் மட் ரோடு, குளத்துக்கு. வடக்கே ராயப்பேட்டை ஹை ரோடு, சமஸ்கிருதக் கல்லூரி, அப்புறம் ஆர்.கே. சாலையைத் தாண்டி ராயப்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும். மேற்கே லஸ் சர்ச் ரோடு, நாகேஸ்வர ராவ் பூங்கா வழியாக ஆழ்வார்பேட்டைப் பக்கம். கிழக்கே கச்சேரி ரோடு, நேராகப் போனால் சாந்தோம், அதற்கப்புறம் கடல். மார்கழியில் வருகிறவர்கள் கச்சேரி ரோடு என்றதும் சபா இருக்கிற ரோடு போல என்று போய்விடுகிறார்கள். இந்தக் கச்சேரி பாட்டுக் கச்சேரி இல்லை, பழைய காலத்தில் அரசு அலுவலகத்தை, கோர்ட்டை கச்சேரி என்று சொல்வார்களே, அது. இன்றைக்கும் மயிலாப்பூர் போலீஸ் ஸ்டேஷன் அந்த ரோட்டில்தான் இருக்கிறது.

லஸ் என்ற பெயரைக் கொடுத்த சர்ச்சை கார்னரில் நின்று தேடினால் கிடைக்காது. அது லஸ் சர்ச் ரோட்டுப் பக்கம் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. போர்ச்சுக்கீசியர்கள் கட்டியது, அங்கே இருக்கிற கல்வெட்டில் 1516 என்று ஆண்டு போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால் காட்டுக் கோயில் என்றும் ஒரு பெயர். கடற்கரைப் பக்கம் வெள்ளையாக ஊசிக் கோபுரத்தோடு உயரமாகத் தெரிவது வேறு, அது சாந்தோம் பேராலயம், இப்போதைய கட்டடம் 1896இல் எழுந்தது. "சர்ச் பக்கத்துல வீடு" என்று யாராவது சொன்னால் எந்தச் சர்ச் என்று கட்டாயம் கேளுங்கள், இரண்டுக்கும் நடுவே மொத்தப் பேட்டையும் கிடக்கிறது.

சரி, வந்து சேர்வது எப்படி? வெளியூரிலிருந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பறக்கும் ரயில். சென்ட்ரலுக்கு எதிர்ப்பக்கம் சாலையைக் கடந்தால் இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது, பார்க், பார்க் டவுன். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கவனம் வேண்டும். பார்க் என்பது தாம்பரம் லைன். நமக்கு வேண்டியது பார்க் டவுன், அதில் வேளச்சேரி போகிற வண்டி. ஏறி உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வாருங்கள்: சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், ஆறாவது திருமயிலை. அங்கே இறங்கவேண்டும். "மயிலாப்பூர்" என்று போர்டு வரும் வரும் என்று காத்திருந்து மந்தைவெளி தாண்டிப் போனவர்கள் என் வீட்டு விருந்தாளிகளிலேயே மூன்று பேர். மயிலாப்பூருக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் திருமயிலை, 1997இல் ரயில் அங்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான். முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் ரொம்பப் பின்னால், 2014இல் திறந்தது. அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் கச்சேரி ரோட்டில் வேலை இருக்கிறவர்களுக்கும் திருமயிலையைவிட அதுவே பக்கம்.

இந்த ரயில் பாதை இன்னொரு வகையிலும் உதவும். மேலே கான்க்ரீட் பாலம் தெரிகிறதா, கீழே பக்கிங்காம் கால்வாய் இருக்கும், கால்வாயைத் தொடர்ந்துதான் பாலமே போகிறது. லஸ்ஸிலிருந்து கச்சேரி ரோட்டில் கடல் பக்கம் நடக்கும்போது இதன் அடியில் போவீர்கள். பாலத்தைத் தாண்டி அதே ரோட்டில் நேராகப் போய்க்கொண்டே இருந்தால் சாந்தோம்.

திருமயிலையில் இறங்கி வெளியே வந்ததும் முதலில் எந்தப் பக்கம் லஸ், எந்தப் பக்கம் குளம் என்று மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் வேண்டாம். மட் ரோட்டில் தெற்கே நடந்தால் சில நிமிடத்தில் இடது கைப் பக்கம் குளம் வந்துவிடும். வலது கையில் குளம் வருகிறது என்றால் திசை மாறி நடக்கிறீர்கள் என்று அர்த்தம். அதே ரோட்டில் குளத்தைத் தாண்டி இன்னும் தெற்கே போனால் ராமகிருஷ்ண மடம், அதற்கும் அப்பால் மந்தைவெளி பஸ் டெப்போ.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு: பெரம்பூரையும் பெசன்ட் நகரையும் இணைக்கிற 29சி, தி.நகரிலிருந்து வருகிற 5பி இரண்டும் இந்தப் பக்கத்துக்குப் பழைய, நம்பகமான வண்டிகள். கண்டக்டரிடம் "மயிலாப்பூர் ஒண்ணு" என்று கேட்டால் "லஸ்ஸா, டேங்க்கா?" என்று திருப்பிக் கேட்பார். டேங்க் என்றால் குளத்து ஸ்டாப்பிங். பெண்களுக்கு 2021இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் இலவசம், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி வண்டிகளில் கிடையாது, ஏறுமுன் போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெட்ரோ வேலை முடிகிற வரைக்கும் லஸ் பக்கம் எதையும் நேற்றைய நினைப்பில் நம்பக்கூடாது. மாதவரம்–சிப்காட் பாதையும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி பாதையும் திருமயிலையில்தான் பூமிக்கடியில் சந்திக்கப்போகின்றன, அதனால் தோண்டல் சாதாரணத் தோண்டல் இல்லை. தகரத் தடுப்பு வைப்பார்கள், ஒருவழி ஆக்குவார்கள், பஸ் வேறு தெரு வழியாகச் சுற்றும், ஸ்டாப்பிங் இடம் மாறும். போனில் இருக்கிற மேப்புக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரியவரும். அங்கே நிற்கிற ஆட்டோக்காரருக்கு அன்று காலையிலேயே தெரிந்திருக்கும். ஏறும்போதே கண்டக்டரிடம் "லஸ் ஸ்டாப்பிங் இப்போ எங்க நிக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குடி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேலை செய்யுங்கள். சந்நிதித் தெரு முடிகிற இடத்தில் கிழக்கு மாட வீதியில் நின்று, கோயிலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பியுங்கள். தேர் போகிற வழி அதுதான். ஒவ்வொரு முனையிலும் வலது பக்கமே திரும்பினால் தெற்கு மாட வீதி வரும், காய்கறிக் கடைகளும் வெள்ளீஸ்வரர் கோயிலும் இருக்கிற தெரு. அடுத்த திருப்பத்தில் குளக்கரை, அதாவது மட் ரோடு, இதுதான் மேற்கு மாட வீதியின் இடத்தில் இருப்பது. அடுத்து வடக்கு மாட வீதி, நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைகளைத் தெரு ஓரத்தில் பரப்பி வைப்பார்களே, அந்தத் தெரு. மெதுவாக நடந்தாலும் அரை மணிக்குள் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஒரு சுற்றில் கால் கற்றுக்கொள்வதை ஒரு மாதம் மேப் பார்த்தாலும் கற்க முடியாது என்பது என் அனுபவம். இரண்டாவது சுற்றில் மாட வீதிகளிலிருந்து பிரிகிற சந்துகளில் ஒவ்வொன்றாக நுழைந்து பாருங்கள், சிலது முட்டுச் சந்து, சிலது சட்டென்று வேறு தெருவில் கொண்டு போய் விடும்.

வழி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வேகமாக நடந்து போகிறவரை நிறுத்தாதீர்கள், அவரும் உங்களைப் போல புதிதாக வந்தவராக இருக்கலாம். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள்: பூ கட்டுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக்கடை. "அண்ணே", "அக்கா", வயதானவர் என்றால் "ஐயா", "அம்மா" என்று ஆரம்பித்தால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள். முழு முகவரியைப் படிக்காமல் முதலில் பக்கத்தில் இருக்கிற கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லுங்கள், அங்கே போன பிறகு தெருவைக் கேட்கலாம். பதில் பெரும்பாலும் "நேரா போயி சோத்தாங்கை பக்கம் திரும்பு, ரெண்டாவது கட்டிங்" என்கிற மாதிரி வரும். சோத்தாங்கை வலது, பீச்சாங்கை இடது. சொல்கிறவர் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதையும் பாருங்கள், வாய் தப்பாகச் சொன்னாலும் கை தப்பாகக் காட்டாது. ரொம்பப் பழைய ஆட்கள் காமதேனு தியேட்டர், கபாலி தியேட்டர் என்று அடையாளம் சொல்வார்கள். இரண்டுமே இப்போது தியேட்டராக இல்லை. அப்படிச் சொன்னால் "அங்க இப்போ என்னங்கய்யா இருக்கு?" என்று கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு எண் தனித் தலைவலி. சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு, முகவரி கொடுக்கிறவர் எதைக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கும். பழைய எண்ணா, புதிய எண்ணா என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் போய் நின்ற பிறகு குழப்பம் வந்தால், வரிசையாக நாலைந்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், எந்த எண் ஒழுங்காக ஏறுகிறதோ இறங்குகிறதோ அந்த வரிசையைப் பிடித்துப் போங்கள்.

கடைசியாகப் பங்குனிப் பெருவிழா. அந்தப் பத்து நாளும், குறிப்பாகத் தேரன்றும் மறுநாள் அறுபத்துமூவர் அன்றும், மாட வீதிகளில் வண்டி எதுவும் நுழைய முடியாது, ஆட்டோக்காரர் லஸ்ஸிலோ மந்தைவெளியிலோ இறக்கிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குத் திருமயிலை ஸ்டேஷன் படிக்கட்டே ஆளால் நிரம்பியிருக்கும். வயதானவர்களை அழைத்து வருகிறீர்கள் என்றால் முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் இறங்கி, நடந்து கிழக்கு மாட வீதிப் பக்கம் வாருங்கள். கூட்டத்தில் செல்போன் கேட்காது, சிக்னலும் சில நேரம் கிடைக்காது, அதனால் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள். "கோபுர வாசல்ல நில்லு" என்று சொல்லாதீர்கள், மேற்கிலும் ஒரு சின்னக் கோபுரம் இருக்கிறது. "குளத்துப் பக்கம்" என்றும் சொல்லாதீர்கள், குளத்துக்கு நாலு கரை. "மட் ரோட்டுல, குளத்தோட தெற்கு முனை" என்று சொல்லுங்கள்.