இலுப்பை விதை காத்திருக்காது

இலுப்பை வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் தோற்பது விதையிடம்தான். புளியங்கொட்டை போல டப்பாவில் போட்டு வைத்து, ஐப்பசி மழை வந்ததும் ஊன்றலாம் என்று நினைத்தால் ஒன்றும் முளைக்காது. எண்ணெய் நிறைந்த விதை அது; ஈரம் வற்றினால் உயிரும் போய்விடும். பழத்தைவிட்டு வெளியே வந்த இரண்டு வாரத்துக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும்.

மதுரைப் பக்கம் பழம் உதிர்வது ஆனி, ஆடியில். கோயில் தோப்பிலோ கண்மாய்க் கரையிலோ பெரிய மரம் இருந்தால் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவில் வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட விதைகள் கிடக்கும். கையுறையோடு பொறுக்குங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோல் பளபளவென்று, கையில் கனமாக இருப்பதே நல்ல விதை. குலுக்கும்போது உள்ளே பருப்பு ஆடினால் காய்ந்துவிட்டது, ஒதுக்கிவிடுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து மறுநாளே ஊன்றுங்கள்.

ஆகவே குழி முன்னதாகவே தயாராக இருக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. தோண்டிய மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரம் 5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ கலந்து மூடி, இரண்டு முறை தண்ணீர் விட்டு அமரவிடுங்கள். மக்காத சாணம் போட்டால் கரையானுக்கு விருந்து. ஒரு குழிக்கு மூன்று விதை, சாண் இடைவெளியில், ஓர் அங்குல ஆழத்தில் படுக்கவைத்து ஊன்றுங்கள். ஓராண்டு கழித்துத் தேறியதை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடலாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

பையில் வளர்க்கலாமா? வளர்க்கலாம், ஆனால் ஆணிவேர் வேகமாக இறங்கும். பையின் அடியைத் தொட்டதும் சுருளத் தொடங்கும். சுருண்ட வேரோடு நட்ட மரம் பெருங்காற்றுக்கு நிற்காது. அடி உயரப் பை வாங்கி, அந்த ஐப்பசியிலேயே நட்டுவிடுங்கள்.

மேலூர்ப் பக்கத்துச் செம்மண் இலுப்பைக்குத் தோது. திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் குழிக்குள் தண்ணீர் தேங்கி இளம் வேர் அழுகும். அங்கே ஓர் அடி மேடு கட்டி அதன்மேல் ஊன்றுங்கள். மரத்துக்கு மரம் 30 அடி, மின்கம்பியிலிருந்து 40 அடி தள்ளி இருக்கட்டும். பெரிய பழந்தின்னி வௌவாலின் விரித்த சிறகு நான்கு அடிக்கு மேலும் இருக்கும். இரண்டு கம்பியை ஒருசேரத் தொட்டால் செத்துவிடும்.

மழை பிடிக்கும்வரை வாரம் இருமுறை தண்ணீர். முதல் இரண்டு கோடையிலும் வாரத்துக்கு ஒரு குடம் விட்டு, அடியில் சருகு மூடாக்குப் போடுங்கள். செடி வளராமல் நிற்பதுபோலத் தெரியும். வேர் கீழே போய்க்கொண்டிருக்கிறது, யூரியாவைத் தூக்காதீர்கள். ஆட்டுக்கு எட்டாத உயரம் வரும்வரை வேலிக்கருவை முள் அடைப்பு அவசியம்.

வளர்ந்த மரத்தில் வரும் தொல்லை புல்லுருவி. ஒட்டிய இடத்துக்கு அரையடி கீழே, கிளையோடு சேர்த்து வெட்டுங்கள். வெறுமனே ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். பெரிய மரத்தில் ஒன்றிரண்டு கொத்து இருந்தால் விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. அதன் பழம் பூக்கொத்தி என்னும் சிறு பறவைக்கு உணவு.

விதையிலிருந்து வந்த மரம் பூக்கப் பத்தாண்டு ஆகலாம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்றது மனிதருக்கு. வௌவாலுக்கு ஆலை இருந்தாலும் அதுதான் சர்க்கரை. பங்குனி, சித்திரையில், மற்ற தீனி குறையும் நேரத்தில், சதைப்பற்றான பூ இரவில் வௌவாலுக்கும் விடிந்தபின் அணில், மைனா, எறும்புக்கும் ஆகும். உதிர்ந்த பூவை உடனே கூட்டித் தள்ளாதீர்கள். பாதைக்கு மேல் இல்லாத பட்ட கிளையையும் விட்டுவையுங்கள். பொந்தில் புள்ளி ஆந்தையும் கிளியும் குடியேறும்.

எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் இலுப்பைப் புண்ணாக்கை மட்டும் ஊருணிப் பக்கம் கொட்டாதீர்கள். அதிலுள்ள சப்போனின் என்னும் வேதிப்பொருள் மீனைக் கொல்லும்.