லவ் பேர்ட்ஸ்: பானையை எப்போது கட்டுவது, எப்போது கழற்றுவது

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை பட்ஜி என்கிற பட்ஜெரிகர்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை அது. மழை பெய்து புல் விதை கட்டினால் உடனே முட்டையிடும், வறட்சி வந்தால் நிறுத்திக்கொள்ளும். கூண்டுக்குள் தீனியும் தண்ணீரும் தினமும் கிடைப்பதால் அதற்கு வருஷம் முழுக்க நல்ல காலம்தான். முட்டையிடுவதற்கான மண்பானை கூண்டில் தொங்கிக்கொண்டே இருந்தால் உடம்பு உருகிப் போகிறவரை பெட்டை முட்டை வைக்கும். ஆகவே பட்ஜியைக் குஞ்சு பொரிக்க வைப்பது ஒரு வித்தையே இல்லை. எப்போது பானை கட்டக் கூடாது என்று தெரிந்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பச்சைக்கிளியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி அயல்நாட்டுப் பறவை என்பதால் அந்தத் தடை இதற்கில்லை. சந்தையில் யாராவது கிளிக்குஞ்சை நீட்டினால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

ஜோடி பார்த்து எடுப்பது

வளர்ந்த ஆணுக்கு அலகுக்கு மேலுள்ள மூக்குச் சதை நல்ல நீலமாக இருக்கும். பெட்டைக்கு வெளிர் பழுப்பு அல்லது வெள்ளை. முட்டைக்குத் தயாராகும்போது அதுவே தடித்து, கருகிய தோசை விளிம்பு மாதிரி சொரசொரப்பான பழுப்பாகிவிடும். ஏமாறுவது இளம் பறவையில்தான். வெளிர் நீல மூக்கோடு, நாசித்துளையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அது பெட்டைக்குஞ்சு. நீலம் தெரிகிறதே என்று ஆண் கணக்கில் வாங்கி, இரண்டு பெட்டைகளை ஒரே கூண்டில் போட்டு, முட்டை பொரியவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். ஆண்குஞ்சின் மூக்கு முழுதும் ஒரே சீரான இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக இருக்கும். லூட்டினோ (முழு மஞ்சள்), அல்பினோ (முழு வெள்ளை) ஆண்களுக்கு வயதானாலும் இந்த நிறம் மாறாது.

வயதுக்கு நெற்றியைப் பாருங்கள். மூக்கு வரை கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் இன்னும் முதல் இறகு உதிராத, 3–4 மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு. கண் முழுக் கறுப்பாக இல்லாமல் வெள்ளை வளையம் விழுந்திருந்தால் அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஐந்தாறு மாதத்திலேயே இணை சேரும் என்பது உண்மை. ஆனாலும் 10–12 மாதம் ஆகாத பெட்டைக்குப் பானை காட்டக் கூடாது, நான்கு வயதைத் தாண்டியதற்கும் வேண்டாம். ஒரே கடையில், ஒரே கூண்டிலிருந்து எடுத்துத் தரும் ‘பிரீடிங் ஜோடி’ பல சமயம் அண்ணன் தங்கையாக இருக்கும். ஆணை ஒரு இடத்திலும் பெட்டையை வேறு இடத்திலும் வாங்குவது நல்லது. புதுப் பறவையை 30 நாள் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும்.

கூண்டு

ஒரு ஜோடிக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் குறைந்தபட்சம். உயரத்தைவிட நீளம் முக்கியம், இது பக்கவாட்டில் பறக்கிற பறவை. கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு அங்குல வலையில் எலியும் பாம்புக்குட்டியும் தாராளமாக நுழையும். புது வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கினால் வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு பறவையை விடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் துத்தநாகத் துணுக்கைக் கொறித்தால் நஞ்சாகும். உட்காரும் கொம்புக்கு வேப்பங்கிளை, கொய்யாக்கிளை போதும். ஒரே தடிமனில் உள்ள பிளாஸ்டிக் குச்சியில் நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும். அரளிக் கிளையை மட்டும் கிட்டேயே கொண்டுவர வேண்டாம்.

கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அளவு மீறிச் சூடானால் வரும் புகை பட்ஜியை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, பெயிண்ட் வாடை எதுவும் ஆகாது.

தீனி: நம் மாவட்டங்களுக்கு உள்ள வசதி

காசு கொடுத்து வாங்கும் வண்ணப் பாக்கெட்டில் உள்ளது பெரும்பாலும் சிறுதானியம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்குக் குறைவே இல்லை. தினை 5 பங்கு, பனிவரகு 2 பங்கு, சாமை 2 பங்கு, நாட்டுக் கம்பு 1 பங்கு என்று கலந்தால் போதும். கேழ்வரகு கொஞ்சம் சேர்க்கலாம். எல்லாமே உமியோடு இருக்க வேண்டும். கடையில் பாக்கெட் போட்டு விற்கும் தினை அரிசி, சாமை அரிசி நமக்கானது. உமி நீக்கிய தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பறவைக்கு உரித்துத் தின்னும் வேலையும் போய்விடும். தினை அறுக்கும் காலத்தில் தெரிந்த விவசாயியிடம் சொல்லிக் கதிரோடு நாலு கட்டு வாங்கி நிழலில் தொங்கவிட்டுவிட்டால், குஞ்சுகளுக்குத் தீனி பழக்க அதைவிடச் சிறந்தது கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. விதைக்கடையில் விதைப்புக்காக விற்கும் தானியத்தில் மருந்து கலந்து சாயம் ஏற்றியிருப்பார்கள், அதை ஒருபோதும் போடக் கூடாது. வண்டு விழாமலிருக்கப் பூச்சி மாத்திரை போட்டு வைத்த தானியமும் அப்படித்தான். வாங்கியது புதுசா என்று பார்க்க 100 தினையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். நாலு நாளில் 80க்கு மேல் முளைத்தால் நல்ல தினை.

ஒரு பறவைக்கு நாளைக்கு இரண்டு டீஸ்பூன் அளவு. காலையில் கிண்ணத்தைப் பார்த்தால் நிறைய இருப்பதுபோலத் தெரியும், வாயால் ஊதினால் அத்தனையும் உமியாகப் பறக்கும். கிண்ணம் நிறைய உமியை வைத்துக்கொண்டு பட்டினியில் சாகிற பறவைகள் உண்டு. தினமும் ஊதிவிட்டுத்தான் புதுத் தீனி போட வேண்டும்.

வெறும் தானியத்திலேயே வளர்ந்தால் வைட்டமின் ஏயும் அயோடினும் குறையும். அயோடின் குறைந்தால் கழுத்துக்குள் தைராய்டு வீங்கி, குரல் கீச்சென்று மாறி, மூச்சில் ஒரு ‘டிக் டிக்’ சத்தம் வரும். வாரம் நாலு நாள் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, துருவிய கேரட் கொடுங்கள். சந்தைக் கீரையில் மருந்து அடித்திருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் போட வேண்டாம். புளிப்பு ஒத்துக்கொள்ளாது, செடியும் இலையும் விஷம். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், வெங்காயம், உப்புப் பண்டம், டீ, காபி எதுவும் கூடாது.

சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். கணவாய் ஓடுதான் அது. மென்மையான பக்கம் உள்ளே பார்க்கும்படி கம்பியில் கட்டிவிடலாம். அயோடின் சேர்த்த மினரல் பிளாக் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

தண்ணீர் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வீட்டில் நீங்கள் எதைக் குடிக்கிறீர்களோ அதையே பறவைக்கும் வையுங்கள். குளோரின் வாடை இருந்தால் ஒரு இரவு திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றலாம். வெயில் காலத்தில் தினம் இருமுறை மாற்ற வேண்டும்.

எந்த மாதத்தில் பானை

இங்கேதான் இரண்டு பக்கத்துக்கும் கணக்கு மாறுகிறது. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் பானைக்குள் குஞ்சு வெந்துவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டுநிலம். அங்கே கோடை தாங்கும், டிசம்பர், ஜனவரி இரவுக் குளிர்தான் பகை. குளிரில் இளம் பெட்டைக்கு முட்டை அடைப்பு வரும், அதாவது முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பானை கட்டியதிலிருந்து முதல் முட்டைக்கு இரண்டு, மூன்று வாரம். முட்டைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் விழும், ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒருமுறை அடைக்கு, 4 முதல் 6. அடைகாப்பு 18 நாள். குஞ்சு வெளியே வர 30–35 நாள். மொத்தம் இரண்டரை மாதம். முதல் ஈட்டுக் குஞ்சு வெளிவரும்போதே பெட்டை அடுத்த ஈட்டைத் தொடங்கிவிடுவதால் இரண்டு ஈட்டுக்கு நாலரை மாதம் ஒதுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தருமபுரிப் பக்கம் செப்டம்பர் கடைசியில் கட்டி பிப்ரவரியில் கழற்றுவது பொருத்தம். ஓசூர்ப் பக்கம் ஜூலையில் கட்டினால் நவம்பருக்குள் முடித்துவிடலாம். இரண்டு ஈட்டோடு கழற்றிவிட்டு ஆறு மாதம் ஓய்வு. மூன்றாவது ஈட்டுக்கு ஆசைப்பட்டால் குஞ்சு சிறுக்கும், பெட்டையும் கையை விட்டுப் போகும்.

பானையா, மரப்பெட்டியா? வெயில் பக்கத்துக்குப் பானை, குளிர் பக்கத்துக்குப் பெட்டி. பானை என்றால் வயிறு 7 அங்குலம், நுழையும் ஓட்டை 2 அங்குலம், உள்ளே பார்க்க மேலே ஒரு மூடி. பெட்டி என்றால் 9 அங்குல நீளம், 6 அகலம், 6 உயரம், தரையில் முட்டை உருளாமல் நிற்க அரை அங்குலக் குழி. இரண்டிலும் தச்சுப் பட்டறையின் சீவல் ஒரு அங்குலத்துக்குப் போட வேண்டும். அறுப்புத் தூள் வேண்டாம், குஞ்சின் நாசியில் ஏறிவிடும். பெட்டை சீவலையெல்லாம் வெளியே தள்ளிவிடுவது வழக்கம். குஞ்சு பொரிந்ததும் மறுபடி போடுங்கள். வெறும் மண் தரையில் வளர்ந்தால் கால் வழுக்கி, இரண்டு பக்கமும் விரிந்த குஞ்சாகிவிடும். விரிந்த காலை முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால், இயல்பான இடைவெளி விட்டு மைக்ரோபோர் டேப்பால் இரண்டு காலையும் இணைத்து ஒரு வாரம் வைத்தால் பெரும்பாலும் நிமிரும். எலும்பு இறுகிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பல ஜோடிகளை ஒரே பெரிய கூண்டில் விட்டால், ஐந்து ஜோடிக்கு ஏழு பானை, எல்லாம் ஒரே உயரத்தில். உயரத்தில் இருக்கும் பானைக்காகப் பெட்டைகள் ஒன்றையொன்று கொல்லும் அளவுக்குச் சண்டை போடும். ஜோடியில்லாத பெட்டை ஒன்று உள்ளே இருந்தாலும் அடுத்தவள் பானையில் புகுந்து முட்டையை உடைக்கும்.

முட்டையும் குஞ்சும்

முட்டை வைத்த ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாதவற்றையும் உடனே எடுக்க வேண்டாம், இன்னும் நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள். கரு உண்டாகி முட்டைக்குள்ளேயே செத்துப் போகிறது என்றால் பெரும்பாலும் காற்றில் ஈரப்பதம் குறைவு. கூண்டில் ஒரு தட்டையான குளியல் தட்டு வைத்தால் பெட்டை நனைந்துபோய் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொள்ளும்.

குஞ்சு இருக்கும் நாட்களில் தினம் அரை மணி நேர வேலை உண்டு. அவித்த முட்டையை ஓடோடு மசித்து, ஜோடிக்கு ஒரு டேபிள்ஸ்பூன். முளைகட்டிய தினை, பச்சைப்பயறும் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், புளித்தால் வயிற்றுப்போக்கு. முதல் குஞ்சு பத்து நாளானதும் சீவலை மாற்றுங்கள், பிறகு மூன்று நாளுக்கொருமுறை. மாற்றும்போது ஒவ்வொரு குஞ்சையும் திருப்பி மேலலகின் உட்பக்கம் பாருங்கள். அங்கே தீனி காய்ந்து ஒட்டியிருந்தால் பல்குச்சியின் மழுங்கிய முனையால் மெல்ல எடுத்துவிட வேண்டும். விட்டால் மேலலகு உள்ளே மடங்கி, கீழலகு நீண்டு, வாழ்நாள் முழுக்கத் தானியம் உரிக்க முடியாத பறவையாகும். கால்விரலில் எச்சம் உருண்டையாகக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள், பிய்த்தால் நகம் கழன்றுவரும்.

வெளியே வந்த குஞ்சைத் தகப்பன் ஊட்டும். அடுத்த முட்டைக்குத் தயாரான தாய் குஞ்சின் தலையைக் கொத்திக் கிழிக்கத் தொடங்கலாம். தானே தினை உரிப்பதைக் கண்ணால் பார்த்து, சாயங்காலம் கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிறைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகு, ஆறு வாரம் சுமாருக்குப் பிரித்துவிடலாம்.

நிறத்துக்காக ஜோடி சேர்ப்பவர்களுக்கு: பச்சை நீலத்தை அடக்கும். சுத்தப் பச்சையும் நீலமும் சேர்ந்தால் எல்லாம் பச்சை, ஆனால் நீலம் உள்ளே ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பச்சை சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒன்று நீலம் வரும். லூட்டினோ ஆணைப் பச்சைப் பெட்டையோடு சேர்த்தால் மஞ்சளாகப் பொரிவது அத்தனையும் பெட்டை, ஆண்கள் எல்லாம் பச்சை. கூட்டிலேயே ஆண் பெண் தெரிந்துவிடும்.

கோளாறுகள்

பட்ஜி நோயைக் கடைசி வரை மறைக்கும். உப்பிக்கொண்டு தரையில் உட்காருவது, வால் மூச்சுக்கு மூச்சு ஆடுவது இரண்டும் ஆபத்து. கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனைபோலத் தட்டுப்பட்டால் தின்றும் உடம்பில் ஒட்டவில்லை என்று அர்த்தம். எச்சத்தில் முழுத் தானியம் வந்தால் இரைப்பைத் தொற்று.

முட்டை அடைத்த பெட்டை வால் நடுங்கத் தரையில் முக்கும். 30 டிகிரிச் சூட்டில், ஈரக் காற்றில், இருட்டில் வைத்து, கால்சியம் சொட்டு விட்டு, சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். வயிற்றை அமுக்கினால் முட்டை உள்ளே உடைந்து பறவை போய்விடும்.

அலகிலும் மூக்கிலும் தேன்கூடுபோல வெள்ளைப் பொருக்கு கட்டினால் அது சிலந்திப்பேன். ஐவர்மெக்டின் என்ற மருந்தில் தீரும். ஆடு மாட்டு மருந்தை வீட்டிலேயே சொட்டிவிடக் கூடாது. 35 கிராம் உடம்புக்கு அரைச்சொட்டு கூடினாலும் விஷம், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் பறவைக்கு வழியில்லை என்றால் தருமபுரிப் பக்கத்தவருக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்ப் பக்கத்தவருக்குப் பெங்களூர் ஹெப்பாள் கல்லூரி. கொண்டு போகும்போது கூண்டைத் துணியால் மூடி, அன்றைய எச்சம் விழுந்த காகிதத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

காய்ந்த எச்சத்தைக் கூட்டும்முன் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கிளிக்காய்ச்சல் பெரும்பாலும் அந்தத் தூசியின் வழியாகத்தான் மனிதருக்கு வரும். கூண்டு கழுவிய கொஞ்ச நாளில் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் பட்ஜி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.