போர்ச் சட்டம் படிக்கத் தொடங்குவோருக்கு: எந்தக் கேள்வியை முதலில் கேட்பது

ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது என்று செய்தி வருகிறது. உடனே ஒரு பக்கம் "போர்க்குற்றம்" என்கிறது, இன்னொரு பக்கம் "அங்கே ஆயுதம் பதுக்கியிருந்தார்கள்" என்கிறது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. போர்ச் சட்டம், அதாவது சர்வதேச மனிதாபிமானச் சட்டம் படிப்பது என்றால், அந்த வரிசையைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வதுதான். சட்டப் பிரிவு எண்கள் தானாக மனதில் தங்கிவிடும். வரிசை தப்பினால் எத்தனை பிரிவு தெரிந்திருந்தாலும் விடை தப்பும்.

தேவையானவை மூன்று: 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள், 1977ஆம் ஆண்டின் இரண்டு கூடுதல் நெறிமுறைகள், செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு 2005இல் வெளியிட்ட 161 வழக்காற்று விதிகளின் (அரசுகளின் தொடர் நடைமுறையிலிருந்து உருவானவை) பட்டியல். மூன்றும் அந்தக் குழுவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாரம் ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் எட்டு வாரத்தில் அடித்தளம் அமைந்துவிடும்.

நான்கு உடன்படிக்கைகளில் மொத்தம் 429 பிரிவுகள். முதல் பிரிவில் தொடங்கி வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள். பெரும்பாலானோர் களத்தில் காயமடைந்தோர் பற்றிய முதல் உடன்படிக்கையின் நடுவிலேயே சோர்ந்துபோய் விட்டுவிடுவார்கள். கீழே சொல்லும் நாற்பது, ஐம்பது பிரிவுகளை ஆழமாகப் படித்தால் போதும். மற்றவை தேவைப்படும்போது எடுத்துப் பார்க்க வேண்டியவை.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1949 உடன்படிக்கைகளின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழில் புரிந்துகொள்ளுங்கள், தமிழிலேயே குறிப்பெடுங்கள். ஆனால் ஒரு சொல்லை நம்பி முடிவெடுக்கும் முன் மூல வாசகத்தைத் திறந்து பாருங்கள். தமிழ்ச் சொற்கள் இரண்டு இடத்தில் நம்மைத் தடுமாற வைக்கும். அவற்றை அந்தந்தப் படியிலேயே சொல்கிறோம்.

படி 1: "ஏன் போர்" என்பதை ஒதுக்கி வையுங்கள்

ஒரு நாடு படையெடுத்தது சரியா என்பதை ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 2(4), 51ஆம் பிரிவுகள் தீர்மானிக்கின்றன. போர் எப்படி நடத்தப்படுகிறது என்பது மனிதாபிமானச் சட்டத்தின் வேலை. படையெடுத்தவருக்கும் தற்காத்துக்கொள்பவருக்கும் இங்கே ஒரே விதிதான். ஆக்கிரமிப்புப் படையின் சிப்பாய் பிடிபட்டாலும் அவர் போர்க் கைதி, அவரை அடிக்கக் கூடாது. இதை ஏற்க மனம் மறுக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நியாயம் எங்கள் பக்கம் என்று எல்லாத் தரப்பும் சொல்லும். நியாயத்தைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு என்றால், எந்தக் கைதியும் உயிரோடு வீடு திரும்ப முடியாது.

படி 2: மோதலின் வகையைக் கண்டுபிடியுங்கள்

இரண்டு வாரம் இதற்கே கொடுங்கள். நான்கு உடன்படிக்கைகளிலும் ஒரே மாதிரி இடம்பெறும் பொதுப் பிரிவு 2, பொதுப் பிரிவு 3 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அரசுகள் ஒன்றன்மேல் ஒன்று ஆயுதம் பிரயோகித்தால் அது சர்வதேச ஆயுத மோதல். போர் அறிவிப்பு தேவையில்லை. எதிர்ப்பே இல்லாமல் ஒரு நிலப்பரப்பைக் கைப்பற்றி வைத்திருந்தாலும் பொதுப் பிரிவு 2 பொருந்தும்.

அரசும் ஆயுதக் குழுவும், அல்லது இரண்டு ஆயுதக் குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால், இரண்டு சோதனைகளை வையுங்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு 1995 அக்டோபர் 2 அன்று டாடிச் வழக்கில் வகுத்த வரையறையிலிருந்து வருபவை இவை. ஒன்று, வன்முறையின் தீவிரம்: எத்தனை நாள் நீடிக்கிறது, என்ன ஆயுதம் பயன்படுகிறது, காவல்துறை போதாமல் இராணுவம் இறக்கப்பட்டதா, மக்கள் ஊரைவிட்டு வெளியேறுகிறார்களா. இரண்டு, குழுவின் அமைப்பு: தலைமை உண்டா, உத்தரவு கீழே வரை போய்ச் சேருகிறதா, ஆயுதமும் பயிற்சியும் எங்கிருந்து வருகின்றன. இரண்டும் இருந்தால் அது சர்வதேசமல்லாத, அதாவது உள்நாட்டு ஆயுத மோதல். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது ஆயுத மோதல் ஆகாது. கலவரத்துக்கும் அங்கொன்று இங்கொன்றாக நடக்கும் தாக்குதலுக்கும் நாட்டின் குற்றவியல் சட்டமும் மனித உரிமைச் சட்டமுமே பொருந்தும்.

புதிதாகப் படிப்போர் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. "அரசு அவர்களைப் பயங்கரவாதிகள் என்கிறது, அதனால் போர்ச் சட்டம் பொருந்தாது" என்று எழுதிவிடுவார்கள். வகையைத் தீர்மானிப்பவை களத்து உண்மைகள், அரசு வைக்கும் பெயர் அல்ல. பொதுப் பிரிவு 3இன் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள். இந்த விதிகள் பொருந்துவதால் தரப்புகளின் சட்ட நிலை மாறாது என்கிறது அது. குழுவுக்கு அங்கீகாரம் கிடைத்துவிடுமோ என்று அரசுகள் அஞ்சக் கூடாது என்பதற்காகவே அந்த வாக்கியம் சேர்க்கப்பட்டது.

படி 3: எந்த விதிகள் கட்டுப்படுத்துகின்றன என்று பாருங்கள்

ஜெனீவா உடன்படிக்கைகளை உலகின் எல்லா அரசுகளும் ஏற்றிருக்கின்றன. கூடுதல் நெறிமுறைகள் அப்படி இல்லை. சர்வதேச மோதல்களுக்கான முதல் நெறிமுறையில் அமெரிக்கா 1977இல் கையெழுத்திட்டது, ஆனால் ஏற்புறுதி (கட்டுப்படுவதாக இறுதி ஒப்புதல்) அளிக்கவில்லை. ஆகவே மோதலில் உள்ள ஒவ்வொரு அரசின் பெயரையும் எழுதி, எதிரே அது ஏற்ற உடன்படிக்கைகளையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி முக்கியம். லிதுவேனியா 2025 மார்ச்சில் கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கையிலிருந்து விலகியது. பழைய பட்டியலை நம்பினால் தவறான சட்டத்தைப் பொருத்திவிடுவீர்கள்.

உடன்படிக்கை விட்ட இடைவெளியை வழக்காற்றுச் சட்டம் நிரப்புகிறது. உள்நாட்டு மோதல்களில் இதுதான் நம் பிரதான கருவி. காரணம், பொதுப் பிரிவு 3 கைதிகளையும் காயமடைந்தோரையும் எப்படி நடத்துவது என்று சொல்கிறதே தவிர, எந்த இலக்கை எப்படித் தாக்கலாம் என்று சொல்வதில்லை. உள்நாட்டு மோதல்களுக்கான இரண்டாம் நெறிமுறை இருபத்தெட்டே பிரிவுகள் கொண்டது. அதுவும் குழுவின் கையில் நிலப்பரப்பு இருந்தால்தான் பொருந்தும்.

படி 4: அந்த ஆள் யார்?

முதலாவது தமிழ்ச் சிக்கல் இங்கேதான். "போராளி" என்று நாம் யாரை வேண்டுமானாலும் சொல்கிறோம். சட்டத்தில் போரில் பங்கேற்கும் உரிமையுள்ள வீரர் என்ற தகுதி சர்வதேச மோதலில் மட்டுமே உண்டு. அந்தத் தகுதி இருந்தால், சட்டப்படி சண்டையிட்டதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. பிடிபட்டால் மூன்றாம் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவுப்படி போர்க் கைதி. விசாரணையில் அவர் சொல்லக் கடமைப்பட்டவை பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் இவை மட்டுமே. உள்நாட்டு மோதலில் ஆயுதக் குழு உறுப்பினருக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆயுதம் ஏந்தியதற்காக அரசு வழக்குத் தொடரலாம், ஆனால் சித்திரவதை செய்ய முடியாது. குறிப்பேட்டில் "போர்வீரர்", "ஆயுதக் குழு உறுப்பினர்", "பொதுமகன்" என்று மூன்று சொற்களைத் தனித்தனியாகப் புழங்குங்கள்.

பொதுமக்களில் ஒருவர் நேரடியாகச் சண்டையில் இறங்கினால், இறங்கியிருக்கும் நேரத்துக்கு மட்டும் தாக்குதலிலிருந்து உள்ள பாதுகாப்பை இழக்கிறார். சோறு சமைத்துக் கொடுப்பது நேரடிப் பங்கேற்பு ஆகாது.

படி 5: தாக்குதல் விதிகள் மூன்று

முதல் நெறிமுறையின் 48, 51, 52, 57, 58ஆம் பிரிவுகளைக் கையால் எழுதிப் பாருங்கள். தட்டச்சு செய்தால் சொற்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

முதலாவது வேறுபடுத்தல்: இராணுவ இலக்கையும் பொதுமக்களையும் அவர்களின் பொருள்களையும் பிரித்துப் பார்ப்பது. இதற்கு 52(2)தான் திறவுகோல். ஒரு பொருள் இராணுவ இலக்கு ஆக வேண்டுமானால் இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும். அதன் தன்மை, இருப்பிடம், நோக்கம் அல்லது பயன்பாடு எதிரியின் இராணுவ நடவடிக்கைக்கு உண்மையில் உதவ வேண்டும். அப்போதைய சூழ்நிலையில் அதை அழிப்பது திட்டவட்டமான இராணுவ அனுகூலம் தர வேண்டும். நேற்று ஆயுத வண்டிகள் கடந்த பாலம், படை வேறு திசைக்குப் போய்விட்ட பின் இன்று இலக்காக இல்லாமலே போகலாம்.

அடுத்தது விகிதாசாரம். இரண்டாவது தமிழ்ச் சிக்கல் இதுதான். இந்தச் சொல்லைக் கேட்டதும் "அவர்கள் பக்கம் பத்துப் பேர், இவர்கள் பக்கம் நூறு பேர்" என்று கணக்குப் போடத் தோன்றும். 51(5)(ஆ) கேட்பது வேறு: தாக்கும் முன் *எதிர்பார்க்கத்தக்க* பொதுமக்கள் இழப்பு, அந்தத் தாக்குதலிலிருந்து *எதிர்பார்த்த*, திட்டமான, நேரடியான இராணுவ அனுகூலத்தோடு ஒப்பிடும்போது மிதமிஞ்சியதா? இரண்டு தரப்புப் பிணங்களையும் தராசில் வைக்கும் கணக்கு அல்ல இது. தாக்கியபின் நடந்ததை வைத்து மட்டும் தீர்ப்பெழுதவும் முடியாது. யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் காலிச் தீர்ப்பு (2003) கேட்ட கேள்வியை மனதில் வையுங்கள்: அந்தத் தளபதியின் இடத்தில், கிடைத்த தகவலை நியாயமாகப் பயன்படுத்தும் ஒருவர் மிதமிஞ்சிய இழப்பை எதிர்பார்த்திருப்பாரா?

பின்விளைவிலிருந்து ஊகிப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு அதே தீர்ப்பாயம் குரோஷியத் தளபதி கொடோவினா மேல் நடத்திய வழக்கைப் படியுங்கள். சட்டப்படியான இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டுகள் சட்டவிரோதத் தாக்குதலுக்கு அடையாளம் என்று விசாரணை அமர்வு 2011இல் எடுத்துக்கொண்டது. அந்த 200 மீட்டருக்குச் சான்றில் அடிப்படை இல்லை என்று மேல்முறையீட்டு அமர்வு 2012இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பை மாற்றியது. எதிர்த் தீர்ப்புகளையும் சேர்த்துப் படியுங்கள், அங்கேதான் விவாதம் உயிரோடு இருக்கிறது.

மூன்றாவது முன்னெச்சரிக்கை. இலக்கைச் சரிபார்ப்பது, இழப்பைக் குறைக்கும் ஆயுதத்தையும் நேரத்தையும் தேர்வது, சூழ்நிலை அனுமதித்தால் முன்கூட்டி எச்சரிப்பது. மாணவர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உயிர்கள் தப்புவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே விடையில் இதற்கு நிறைய இடம் கொடுங்கள்.

படி 6: ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கற்பனை அரசு ஒன்று எட்டு மாதமாக ஒரு ஆயுதக் குழுவோடு பீரங்கிப் போர் நடத்துகிறது. குழுவுக்குத் தலைமையும் பயிற்சி முகாமும் உண்டு. அரசு கூடுதல் நெறிமுறைகளை ஏற்கவில்லை. பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில் குழு வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. மாலை 4 மணிக்குப் பிள்ளைகள் போய்விடுவார்கள். காலை 10 மணிக்குத் தாக்கலாமா என்று தளபதி கேட்கிறார்.

தீவிரமும் அமைப்பும் இருப்பதால் இது சர்வதேசமல்லாத ஆயுத மோதல். பொருந்துபவை பொதுப் பிரிவு 3உம் வழக்காற்று விதிகளும். 8ஆம் விதிப்படி, வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படும்வரை கட்டடம் இராணுவ இலக்கு. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். தொடருங்கள். 14ஆம் விதி: வகுப்பறைகள் நிரம்பிய நேரத்தில் எத்தனை பிள்ளைகள் இறக்கக்கூடும், கிடங்கை ஆறு மணி நேரம் முன்னதாக அழிப்பதால் என்ன கூடுதல் அனுகூலம்? 17ஆம் விதி: இரவு தாக்கினாலும் அதே கிடங்கு அழியும் என்றால், காலைத் தாக்குதல் அப்போதே அடிபட்டுப்போகிறது. 20ஆம் விதி: எச்சரிக்கை கொடுக்க முடியுமா, கொடுத்தால் வெடிமருந்தை நகர்த்திவிடுவார்களா?

பிறகு மறுபக்கத்துக்கு வாருங்கள். பள்ளியில் வெடிமருந்து வைத்த குழு 22, 23ஆம் விதிகளின்படி பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களின் மீறல், தளபதியின் மேலே சொன்ன கடமைகளில் ஒன்றைக்கூடத் தள்ளுபடி செய்யாது. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். கலந்து எழுதினால் ஒன்று மற்றொன்றுக்குச் சாக்காகிவிடும்.

எழுதி முடித்ததும் ஒரே ஒரு உண்மையை மாற்றி மறுபடி போடுங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இரவிலும் அந்தப் பள்ளியில் தங்குகின்றன என்று வையுங்கள். அடுத்து, பக்கத்து நாட்டுப் படை அந்தக் குழுவுக்குத் துணையாக எல்லை தாண்டி வந்து சண்டையிடுகிறது என்று வையுங்கள். முதல் மாற்றம் உங்களைப் படி 5க்கும், இரண்டாவது மாற்றம் படி 2க்கும் திருப்பி அனுப்பும்.