5 வாட் ரேடியோ கிட்: பழுது மலிவான இடத்தில்தான் ஒளிந்திருக்கும்

ஹாம் ரேடியோ கிட்டைக் கட்டி முடித்து, பேட்டரி கொடுத்து, ஹெட்போனை மாட்டினால் வெறும் "உஸ்ஸ்". என் முதல் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) மோர்ஸ் கிட் அப்படித்தான் பிறந்தது. சிப் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டினேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது சிப் வாங்கி மாற்றினேன். அதே உஸ். இன்னொரு சிப் வாங்கினேன். மூன்று வாரம் கழித்து, வேறு வழியில்லாமல் மல்டிமீட்டரைக் கன்டினியுவிட்டியில் வைத்து ஒவ்வொரு சுருளாகத் தொட்டுப் பார்த்தபோது, ஒன்றில் மட்டும் பீப் வரவில்லை. கம்பி முனையில் எனாமல் அப்படியே இருந்தது. ஈயம் அதன்மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்ததே தவிர, செம்பைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்களின் கிட்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன. சிப் உண்மையிலேயே செத்திருந்தது அபூர்வம். பெரும்பாலும் சுருள், ஈயம், பேட்டரி வயர், மொட்டை மாடிக் கம்பி என்று காசு பெறாத ஏதாவது ஒன்றுதான். அதனால் இங்கே சொல்லப்போகும் தவறுகளும் அப்படிப்பட்டவையே.

கியூஆர்பி என்பது குறைந்த சக்தியில் பேசும் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு. வழக்கமாக மோர்ஸில் 5 வாட், குரலில் 10 வாட் வரை. நம் பக்கம் அதிகம் கட்டப்படுபவை இரண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் குடும்பம் குரலுக்கு. ஹான்ஸ் சம்மர்ஸின் க்யூசிஎக்ஸ் வகை மோர்ஸுக்கு. இவை தவிர, கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் பிக்ஸி. உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது. அழைப்புக்குறி (உங்கள் நிலையத்தின் அடையாளப் பெயர்) கைக்கு வந்த பிறகுதான் ஆண்டெனாவை மாட்டிக் கீயை, அதாவது மோர்ஸ் சுவிட்சை, தட்டலாம்.

சுருளில் சறுக்குவது

முதலில் எனாமல். கிட்டோடு வரும் கம்பியில் பெரும்பாலும் சால்டரிங் சூட்டிலேயே எரிந்து போகும் எனாமல்தான் இருக்கும். அதற்கும் நல்ல சூடும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருண்டையாக நிறுத்தி, கம்பியை அதற்குள் நுழைத்து, புகை வந்து அடங்கும் வரை வைத்திருங்கள். வெளியே எடுக்கும்போது கம்பி வெள்ளியாக இருக்க வேண்டும். செம்பழுப்பாகவே இருந்தால் வேலை நடக்கவில்லை. கம்பி தீர்ந்துபோய் மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கினீர்களா? அந்த எனாமல் இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. பிளேடால் சுற்றிலும் சுரண்டி, இளஞ்சிவப்பாகச் செம்பு தெரிந்த பிறகுதான் ஈயம். எல்லாம் முடிந்ததும் கம்பியின் முனையில் மீட்டரை வைக்காதீர்கள். போர்டின் தடத்தில் வையுங்கள். கம்பியின் வெட்டு முனையைத் தொட்டால் பீப் வரும்; ஈயம் செம்பைப் பிடிக்காவிட்டால் தடத்தில் வராது. என்னை மூன்று வாரம் அலைய விட்டது அப்படி ஒரு ஜாயிண்ட்தான்.

அடுத்தது எண்ணிக்கை. டோராய்டு வளையத்தின் ஓட்டைக்குள் கம்பி ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. வெளிப்புறம் முழுதாகச் சுற்றி வந்ததா என்பது கணக்கில்லை. வெளியே எண்ணுபவர்களுக்கு ஒன்று கூடும் அல்லது குறையும். ஒன்றுதானே என்று விட முடியாது, ஏனென்றால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. டி 50-2 என்ற சிவப்பு வளையத்தில் 20 சுற்றுக்கு 1.96 மைக்ரோஹென்றி, 21 ஆனால் 2.16. ஒரே சுற்றில் 10 சதவீதம் நகர்ந்துவிடுகிறது. வளையத்தின் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டி 37 அளவில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்ற வித்தியாசம் உண்டு. இருட்டிய பிறகு, மஞ்சள் விளக்கடியில், தூக்கக் கண்ணோடு எடுத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

க்யூசிஎக்ஸில் டி1 என்ற டிரான்ஸ்ஃபார்மர் தனிக் கதை. ஒரே வளையத்தில் நான்கு தனித்தனிச் சுருள்கள்: ஒன்று நீளம், மூன்று குட்டை. மொத்தம் எட்டு முனைகள். எல்லாவற்றையும் ஒரே திசையில் சுற்றியாக வேண்டும். குட்டையானவற்றில் ஒன்று தலைகீழாகப் போனாலும் ரிசீவர் மந்தமாகிவிடும், முழுதாகச் சாகாது. "கேட்குது, ஆனா சரியா கேட்கல" என்பார்கள். நான் செய்வது இது: முனைகளை வெட்டியதும் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி எண் எழுதிவிடுவேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை.

ஈயம் வைப்பதைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. உள்ளே ரோசின் ஃபிளக்ஸ் உள்ள 60/40 ஈயம் போதும். பாத்திரத்துக்கும் தகரத்துக்கும் ஈயம் பூசும் ஆசிட் ஃபிளக்ஸைப் போர்டின் பக்கமே கொண்டுவராதீர்கள்; அது தடத்தை அரித்துத் தின்றுவிடும். பூமித் தளத்தோடு (போர்டின் பெரிய செம்புப் பரப்பு) சேரும் கால்களில் சூடு நழுவிப் பரவிவிடும் என்பதால் கூடுதலாக இரண்டு நொடி கொடுங்கள். குளிர் ஜாயிண்ட் (ஈயம் சரியாக ஒட்டாத இணைப்பு) அங்கேதான் அதிகம்.

முதல் மின்சாரம்

கட்டி முடித்த அன்றிரவே, 11 மணிக்கு, 7 ஆம்பியர்-அவர் யூபிஎஸ் பேட்டரியை நேராக மாட்டுவது. கிட்கள் அதிகம் சாவது இந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சின்ன பேட்டரிக்கு ஷார்ட்டில் வயரைப் பழுக்கவைக்கும் வலு உண்டு. ஃபியூஸ் போடுங்கள், அதற்கும் முன்னால், பாசிட்டிவ் வயரில் பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் 10 வாட் பல்பைத் தொடராக இணையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ரிசீவர் இழுக்கும் சொற்ப கரண்டுக்கு பல்ப் எரியவே எரியாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பளிச்சென்று எரியும். ஒரு ஆம்பியர்கூடப் போகாது. எரிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தேடலாம், எதுவும் கருகியிருக்காது. டிரான்ஸ்மிட் சோதனைக்கு வரும்போது மட்டும் பல்பை எடுத்துவிட வேண்டும்.

சாக்கெட் உள்ள சிப்களை முதலில் செருக வேண்டாம். ரெகுலேட்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, சிப்பின் வெட்டு போர்டில் வரைந்த வெட்டோடு ஒத்திருக்கிறதா பார்த்துச் செருகுங்கள்.

பிட்எக்ஸ் வகையில் கடைசி நிலையில் ஐஆர்எஃப் 510 என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் இருக்கும். இரண்டு இடத்தில் இது பழிவாங்கும். ஒன்று, அதன் உலோக முதுகு டிரெயின் என்ற காலோடு இணைந்தது, அதாவது அதில் 12 வோல்ட் ஓடுகிறது. நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடு இல்லாமல் பெட்டியின் உலோகத்தோடு திருகினால் நேரடி ஷார்ட். இரண்டாவது, பயாஸ் பிரிசெட், அதாவது அதன் ஓய்வு கரண்டை நிர்ணயிக்கும் திருகு. அது எந்தப் பக்கம் திருகினால் குறையும் என்று ஊகிக்காதீர்கள். கேட் என்ற காலில் மீட்டரை வைத்து, வோல்ட் மிகக் குறைந்த நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பேச்சில்லாமல், மைக் மூடிய நிலையில், மெதுவாக ஏற்றுங்கள். வெகுநேரம் கரண்ட் அசையாது. "என்னடா இது" என்று கொஞ்சம் வேகமாகத் திருகுவீர்கள். 3, 4 வோல்ட் பக்கம் அது திடீரென்று பாயும். டிரான்சிஸ்டருக்கு 100 மில்லிஆம்பியர் ஏறியதும் கையை எடுத்துவிட வேண்டும்.

டம்மி லோடும் வாட் ஆசையும்

டம்மி லோடு என்பது ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர். ஆண்டெனாவும் இல்லாமல் லோடும் இல்லாமல் கீயை அழுத்திப் பார்ப்பது பழைய தவறு. அநேகமாக எல்லோருக்கும் தெரியும். தெரியாத தவறு, கடையில் கிடைக்கும் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டரை லோடாகப் போடுவது. 47 ஓம், 10 வாட் என்று எழுதியிருக்கும், மல்டிமீட்டரும் ஆமாம் என்று சொல்லும். உள்ளே இருப்பது சுற்றிய கம்பி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது ரெசிஸ்டர் இல்லை, சுருள். பதிலாக 1 கிலோஓம், 1 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகச் சேருங்கள். சரியாக 50 ஓம், 20 வாட் தாங்கும்.

அந்த லோடின் குறுக்கே ஒரு 1என் 4148 டையோடும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டு, கெப்பாசிட்டரின் மேல் அளந்தால் வாட் மீட்டரே வேண்டாம். மல்டிமீட்டர் 21.7 வோல்ட் காட்டினால், டையோடு தின்ற 0.6ஐக் கூட்டி 22.3, அதை வர்க்கமாக்கி 100ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5 வாட்.

இங்கேதான் அடுத்த நோய் ஆரம்பிக்கும். 3 வாட்தான் வருகிறது, 5 வேண்டும் என்று சிலர் சப்ளையை 15, 16 வோல்ட்டுக்கு ஏற்றி, க்யூசிஎக்ஸின் கடைசி நிலையில் இருக்கும் சின்னஞ்சிறு பிஎஸ் 170 டிரான்சிஸ்டர்களைப் பொரித்துவிடுவார்கள். 3க்கும் 5க்கும் வித்தியாசம் 2.2 டெசிபல். ரிசீவரின் சிக்னல் மீட்டரில் ஒரு படியான எஸ் யூனிட் என்பது 6 டெசிபல். எதிரே கேட்பவரின் மீட்டரில் முள் அசைந்ததா என்றுகூடத் தெரியாது. இவ்வளவு ஏன், உங்கள் 5 வாட்டுக்கும் பக்கத்து ஊர்க்காரரின் 100 வாட்டுக்கும் உள்ள தூரமே 13 டெசிபல்தான். இரண்டு எஸ் யூனிட்டுக்குச் சற்று மேல். அந்த இரண்டைவிட அதிகமாகவே மாடியில் தொலைத்துவிட முடியும்.

மாடியில் தொலைப்பது

7.05 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் சேரும், இரு பக்கமும் நீளும் கம்பி ஆண்டெனா) 143ஐ 7.05ஆல் வகுத்தால் 20.3 மீட்டர், பக்கத்துக்கு 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிவிசி உறை போட்ட ஹவுஸ் ஒயரிங் கம்பி என்றால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே ஒத்திசையும். முதலில் நீளமாக வைத்து, பார்த்துப் பார்த்து வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

நீளத்தைவிட உயரம் முக்கியம். இடமில்லை என்று கைப்பிடிச் சுவரை ஒட்டி, தளத்திலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டுபவர்கள் உண்டு. கீழே கான்கிரீட், அதற்குள் இரும்புக் கம்பி வலை. உங்கள் 5 வாட்டில் பெரும்பகுதி தளத்தைச் சூடேற்றப் போய்விடும். நடுவில் ஒரு மூங்கிலோ தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பிவிசி பைப்போ நிறுத்தி, இரு பக்கமும் சரித்துக் கட்டினாலே நிலைமை மாறிவிடும். ஈபி லைன் பக்கம் மட்டும் கம்பி போகக் கூடாது, அறுந்து விழுந்தாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும்.

கேட்பதில் வேறொரு பிரச்சினை. கிட்டை மலிவான எல்இடி ஸ்ட்ரிப் சப்ளையில் ஓட்டிவிட்டு "பேண்ட் செத்துப் போச்சு" என்பார்கள். பேட்டரியில் ஓட்டுங்கள். அப்படியும் இரைச்சல் என்றால், பகலில் வீட்டார் அனுமதியோடு மெயினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான். பல்ப், சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பிடிபட்டது பூஜை அறை சீரியல் லைட். அதை அணைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பிக்ஸி வைத்திருப்பவர்கள் இருட்டிய பிறகு பாட்டும் செய்தியும் கேட்டால் பயப்பட வேண்டாம். நம் பகுதியில் 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிபரப்பு நிலையங்களுக்கு ஒதுக்கியது. பிக்ஸியின் சின்ன சர்க்யூட்டுக்கு அவற்றைத் தடுக்கும் வடிகட்டி கிடையாது. காலையில் கேளுங்கள்.

கீயில் கை வைத்த பிறகு

மோர்ஸ் கிட்டில் புதியவர் அதிகம் செய்யும் தவறு சுருதி. க்யூசிஎக்ஸில் எதிராளியின் சத்தம் 700 ஹெர்ட்ஸில், உங்கள் சைடுடோனோடு (நீங்கள் தட்டும்போது உங்களுக்கே கேட்கும் ஒலி) ஒரே சுருதியில் கேட்கும்படி டியூன் செய்தால்தான் நீங்கள் அவர் அலைவரிசையில் இருக்கிறீர்கள். காதுக்கு இதமாக 400ல் வைத்துக்கொண்டு அழைத்தால் 300 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய் விழுவீர்கள். அவரும் 200 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருந்தால், நீங்கள் அவர் உலகத்திலேயே இல்லை. தம்பூரா கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. மற்றவர்கள் கீயை விட்டு விட்டு அழுத்தி, சைடுடோனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குரலில் பேசுபவர்கள் 40 மீட்டரில் கீழ்ப் பக்கப்பட்டை (எல்எஸ்பி), 20 மீட்டரில் மேல் பக்கப்பட்டை (யூஎஸ்பி) என்பதை மறக்காமல் இருந்தால் போதும். மைக்கைக் கடித்துக்கொண்டு கத்துவதால் தூரம் கூடாது.

5 வாட்டில் மணிக்கணக்காக சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) அழைத்து யாரும் வரவில்லை என்று மூடிவைப்பதும் வழக்கம். பலமாகக் கேட்கும் நிலையம் அழைக்கும்போது பதில் கொடுங்கள். அவர் ஏற்கெனவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 7.030, 14.060 மெகாஹெர்ட்ஸ் இரண்டும் கியூஆர்பிக்காரர்கள் கூடும் இடங்கள். போகிறதா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமானால், இரண்டு முறை சிக்யூ அனுப்பிவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கைத் திறந்து பாருங்கள். உலகெங்கும் உள்ள தானியங்கி ரிசீவர்களில் எது உங்களைக் கேட்டதோ, அது எத்தனை டெசிபலில் என்பதோடு பதிவாகியிருக்கும்.

அப்புறம், கை. நம் அழைப்புக்குறி விக்டர், யூனிஃபார்ம், அதாவது வி, யூ என்று தொடங்குகிறது. டிடிடி-டா, டிடி-டா. பதற்றத்தில் முதல் எழுத்தில் ஒரு புள்ளி கூடிவிட்டால் அது 4 ஆகிவிடும். 4யூ என்பது ஐக்கிய நாடுகள் சபையின் நிலையத்துக்கு உரிய முன்னொட்டு. எனக்கு அப்படி ஒருமுறை ஆனது. எதிரே இருந்தவர் ஆவலோடு திரும்பத் திரும்பக் குறியைக் கேட்டார். மூன்றாம் முறை ஒழுங்காக அனுப்பினேன். நன்றி, 73 (வாழ்த்துகள்) என்று சுருக்கமாக முடித்துக்கொண்டு போய்விட்டார்.