மும்பைக்குப் புதிதா? முதலில் கக்கூஸ் விஷயம்

மும்பைக்கு வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் பேசினால் மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். அறை வாடகை எவ்வளவு, லோக்கல் பாஸ் எப்படி எடுப்பது, மாட்டுங்காவில் எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும். நாலாவது கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும், குறிப்பாகப் பெண்களிடம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதை யாரிடமும் கேட்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து அம்மாதான் போனில் நேராகக் கேட்டாள்: "ஏட்டி, அங்க கக்கூஸ் எல்லாம் எப்படி இருக்கு?" நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவைத்தேன். அன்றுவரை ஒன்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

கக்கூஸ் என்பது டச்சு மொழியிலிருந்து நமக்கு வந்த சொல். இங்கே அது யாருக்கும் புரியாது. மும்பையில் அதற்குப் பேர் சண்டாஸ். ஆனால் ஓட்டலிலோ ஆபீசிலோ அப்படிக் கேட்காதீர்கள், 'டாய்லெட் கிதர் ஹை' போதும். பலகைகளில் சௌசாலய் என்றோ, மராத்தியில் ஸ்வச்சதாக்ருஹ, ப்ரசாதன்க்ருஹ என்றோ இருக்கும். முதாரி என்றால் ஆண்கள் ஒண்ணுக்குப் போகிற இடம். தேவநாகரி படிக்கத் தெரியாதவர்கள் மஹிளா (பெண்கள்), புருஷ் (ஆண்கள்) என்ற இரண்டு சொற்களை மட்டுமாவது எழுத்தோடு பழகிக்கொண்டு வாருங்கள். ஆண், பெண் படம் எல்லா இடத்திலும் இருக்காது. இருந்தாலும் அதன் மேல் யாராவது டியூஷன் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. ஏசி லோக்கலிலும் கிடையாது. விராரிலிருந்து சர்ச்கேட் 60 கிலோமீட்டர். நம் ஊர்ப் பயணத்துக்கு இது ஒன்றுமில்லை, ஆனால் தினமும் போக வர என்றால் வேறு கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் டோம்பிவிலியில் தங்கி அந்தேரிக்குப் போய்வந்தேன். வழியில் எங்கேயும் போகக் கூடாது என்று வைராக்கியம். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பையில் பாட்டில் இருக்கும், சாயங்காலம் வரை மூடி திறக்காது. நாலாவது மாதம் எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர் காய்ச்சல். டாக்டர் நாடி பிடிப்பதற்கு முன்பே ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?" இரண்டு தடவை என்றேன், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னதைத்தான் புதிதாக வருகிற எல்லோருக்கும் திருப்பிச் சொல்கிறேன். சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் நம்முடைய குடலிலேயே இருக்கும் ஈ.கோலை கிருமியால் வருகிறது, யாரோ உட்கார்ந்துபோன இருக்கையிலிருந்து அல்ல. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 வரை போகும். கிருமிக்குப் பெண்களிடத்தில் நடை குறைவு. உள்ளே நுழைந்ததை அடித்து வெளியே தள்ளுவது சிறுநீர்தான். அதை மணிக்கணக்கில் அடக்கி வைத்தால், தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், கிருமிக்கு வாடகை இல்லாத வீடு கொடுத்த மாதிரி. கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னாகத்தான். இதை நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்புறம் இருக்கை பயம். எச்ஐவி, மேகவெட்டை போன்ற பால்வினை நோய்கள் கழிப்பறை இருக்கையில் உட்கார்வதால் வருவதில்லை. காயமில்லாத தோல் நல்ல வேலி. ஈரமாக இருந்தால் அருவருப்பாக இருக்கும்தான், ஒரு டிஷ்யூவால் துடைத்துவிட்டு உட்காருங்கள். பலர் செய்கிற மாதிரி உட்காராமல் அந்தரத்தில் அரைக்குந்தலாக நின்றால், அடிவயிற்றுத் தசை இறுகியே இருக்கும், நீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். மேலே படக்கூடாது என்று நீங்கள் தொங்கியதில் இருக்கை நனைந்து, அடுத்து வருகிறவரும் தொங்க வேண்டியதாகிறது. வெஸ்டர்ன் கமோடின் விளிம்பில் செருப்போடு ஏறிக் குந்துவது அதைவிட ஆபத்து. பீங்கான் உடைந்தால் கத்தி மாதிரி கிழிக்கும். குந்துவதுதான் பழக்கம் என்றால் இந்தியன் டைப்பைத் தேடுங்கள். ரயில் நிலையங்களிலும் கட்டணக் கழிப்பறைகளிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. பொது இடத்தில் நான் இன்றைக்கும் அதைத்தான் விரும்புகிறேன், எதன் மேலும் உடம்பு படாது.

உண்மையில் பயப்பட வேண்டியது கைக்கு. டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஏ வகை, வயிற்றுப்போக்கு எல்லாம் மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு என்று போகிறவை. தாழ்ப்பாள், குழாய்த் திருகு, மக்கு, ஃப்ளஷ் பொத்தான் எல்லாம் முந்தின ஆள் கழுவாத கையால் தொட்டவை. வெளியே வந்ததும் வாசலில் வடாபாவ் வண்டி. மும்பையில் கழிப்பறைக்கும் வடாபாவுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. சோப்புப் போட்டு ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணித் தேய்த்தால் போதும். சோப்பு இருக்காது என்றே வைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் சின்ன டப்பாவில் பேப்பர் சோப்பு விற்கிறார்கள், ஈரக் கையால் டப்பாவைத் திறந்தால் மொத்தமும் ஒட்டிக் கட்டியாகிவிடும், ஒரு தாளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சானிடைசர் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது, வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக அசராது. கையைக் கழுவிவிட்டு, உள்ளே வைத்துப் பார்த்த செல்போனை எடுத்தால் எல்லாம் பழையபடிதான். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பையை எங்கே வைப்பது என்பது தனிக் கவலை. கதவில் கொக்கி இருந்த அடையாளமாக இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருக்கும். தரையில் வைக்காதீர்கள், கழுத்தில் குறுக்காக மாட்டுகிற பைதான் இந்த ஊருக்குச் சரி. சல்வாரையும் பேண்ட்டையும் உள்ளே போகும் முன்பே கணுக்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். உள்ளே போய்ச் செய்ய இடம் போதாது. நமக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது. குழாய் காய்ந்து கிடப்பதும், மால்களில் காகிதம் மட்டும் இருப்பதும் நடக்கும், அதனால் அரை லிட்டர் காலி பாட்டில் ஒன்றைப் பையில் இதற்கென்றே வைத்திருங்கள். குடிக்கிற பாட்டிலோடு மாறிவிடாமல் நிறம் வேறாக இருக்கட்டும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். தொட்டி இல்லையென்றால் ஒரு கவரில் போட்டு எடுத்துவந்துவிடுவதுதான் வழி. ஓட்டையில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும், அதைக் கையை விட்டு எடுக்கப்போவது இன்னொரு மனுஷி.

எங்கே போவது என்றால், நிலையங்களில் பிளாட்பாரத்தின் கோடியில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். தாதர், சிஎஸ்எம்டி (பழைய விக்டோரியா டெர்மினஸ்), குர்லா டெர்மினஸ் போல வெளியூர் ரயில் நிற்கிற இடங்களில் காத்திருப்பு அறையை ஒட்டியது தேவலை. மால்களில் காசு இல்லை. காட்கோபர் பக்கமென்றால் ஆர் சிட்டி, லோயர் பரேல் என்றால் ஃபீனிக்ஸ். உடுப்பி ஓட்டலில் ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். போகிற வழியில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரம் இல்லாத நேரத்தில், நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடினால் கண்ணில் படாது.

சாலையோரத்தில் அதிகம் பார்ப்பது சுலப் கட்டணக் கழிப்பறைகள். 1970இல் பீகாரில் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய அமைப்பு அது. காசு கொடுத்துப் பொதுக் கழிப்பறைக்குப் போவார்களா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. அந்தக் கட்டண முறை 1974இல் பாட்னாவில் தொடங்கி இன்றைக்கு நாடு முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் மேஜை போட்டு ஒருவர் இருப்பார். சில்லறையை இங்கே சுட்டா என்பார்கள், இரண்டும் ஐந்துமாகக் கையில் இருக்கட்டும். ஆண்கள் ஒண்ணுக்குப் போனால் இலவசம், பெண்கள் போனால் காசு என்று ஒரு வழக்கம் இருந்தது. அதை எதிர்த்து 2011இல் மும்பைப் பெண்கள் அமைப்புகள் 'ரைட் டு பீ' என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். இன்னும் சில இடங்களில் கேட்பார்கள். தெம்பு இருந்தால் சண்டை போடுங்கள், அவசரம் என்றால் கொடுத்துவிட்டு உள்ளே போய், திரும்பி வந்து சண்டை போடுங்கள். நான் இரண்டாவது ரகம்.

ஒரு சின்ன உபாயம். பெண்கள் பகுதியைக் கழுவுகிற அம்மாவை மாவ்ஷி என்று கூப்பிடுங்கள். மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரி. "மாவ்ஷி, கோன்ஸா சாஃப் ஹை?" என்று கேட்டால், எது சுத்தமாக இருக்கிறது என்று கையைக் காட்டுவார். சில சமயம் பூட்டி வைத்திருக்கிற ஒன்றைத் திறந்தும் விடுவார். மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

மழைக்காலம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இங்கே ஆட்டோக்காரர்கூடத் தேதியோடு சொல்வார். அந்த அளவு வேண்டாம், சாதாரண மழைக்கே ரயில் நடுவழியில் நிற்கும், சாக்கடையும் சாலையும் ஒன்றாகிவிடும். மழை நாளில் ஆபீசை விட்டுக் கிளம்பும் முன் கட்டாயம் ஒரு தடவை போய்விடுங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்தீர்களென்றால், காலில் சிராய்ப்பு இருந்தால், அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், தடுக்க மாத்திரை இருக்கிறது. நாம் கழிப்பறைத் தரை ஈரத்துக்கு முகம் சுளித்துவிட்டு, இந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு செருப்பைக் கையில் பிடித்து நடப்போம்.

தாராவி, ஆண்டாப் ஹில் பக்கம் நம் ஆட்களோடு அறை எடுக்கிறவர்களுக்கு, அறைக்குள் கழிப்பறை இல்லாமல் தெருவுக்கு ஒன்று பொதுவாக இருக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் போய்ப் பாருங்கள், அதுவும் காலை ஏழு மணிக்கு. மத்தியானம் போய்ப் பார்த்தால் வரிசையும் தெரியாது, தண்ணீர் எப்போது நிற்கிறது என்பதும் தெரியாது. குடும்பத்துக்கு மாதப் பாஸ் உண்டா, ராத்திரி பூட்டுவார்களா என்று கேளுங்கள். பூட்டுகிற இடமென்றால் வயிறு சரியில்லாத ராத்திரி என்ன செய்வது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கூச்சப்படாமல் விசாரியுங்கள், அவரிடம் பதில் இருக்கும். அங்கே போய்வருவதற்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனியாக வாங்கி வாசலுக்கு வெளியே விடுங்கள். அழகான செருப்பாக வாங்க வேண்டாம். இரண்டு வாரத்தில் வேறு யாரோ போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்.